அத்தாவின் பாஸ்போர்ட்டில் இருக்கிற பிள்ளை

1

இந்தக் கதையில் கலப்படமில்லாத உண்மை ஒரே ஒரு பேச்சுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

1989 கார்த்திகையில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "பிள்ள எம் மடியில இருக்கா. ஆனா பேரு அவிய பாஸ்போட்டுல இருக்கு. நான் எப்படிக் கூட்டிட்டுப் போக?"

அதற்குள் கோர்ட் ஸ்டாப் வந்து இறங்கிவிட்டாள். அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அவள் தோளுக்கு மேலே தெரிந்த ஒரு சிறுமியின் தலைதான். அந்தத் தலை என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியது. (நாக்கும் உண்மை. ஆக ஒரு பேச்சு, ஒரு நாக்கு. திருத்திக்கொள்ளுங்கள்.)

நான் மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு யூனிட் கூட்டி எழுதினால் மெமோ வரும். இப்போது மெமோ கொடுக்க ஆளில்லை. அத்தனை வருஷமும் கூட்டாமல் அடக்கி வைத்ததையெல்லாம் இதில்தான் கூட்டப் போகிறேன்.

2

அந்தப் பெண்ணுக்கு அசீனா என்று பெயர் வைத்தேன். ஆரம்பம் அமையவில்லை.

"அசீனா பஸ்ஸை விட்டு இறங்கியபோது வானம் சாம்பல் பூத்து—" அடித்துவிட்டேன். கோர்ட்டுக்கு ஓடுகிறவள் எதற்கு வானத்தைப் பார்க்கிறாள்?

"தாய்மை என்பது எந்த எல்லைக் கோட்டுக்கும்—" இதையும். பென்ஷனர் சங்க ஆண்டு விழா மாதிரி இருக்கிறது. அடுத்த வரியில் பொன்னாடை போர்த்திவிடுவார்கள்.

ராஜபாளையம் என்றால் நாய் வரும், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா வரும் என்று நீங்கள் காத்திருப்பது தெரிகிறது. இரண்டும் கிடையாது. அசீனாவுக்கு நேரமில்லை.

சரி, வெறும் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

அசீனா கணக்கு டீச்சர், பி.எஸ்ஸி., பி.எட். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த ஹுமாயூனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். "அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு, நீ வேலைக்குப் போகலாம்" என்று சொல்லித்தான் நிக்காஹ் நடந்தது. போனபின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே ஜெய்னப் என்ற பெண்ணைச் சுமந்தாள், பெற்றாள், வளர்த்தாள். ஜெய்னபுக்கு இரண்டு வயதானபோது எல்லோருமாக ராஜபாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். வந்த இடத்தில் சண்டை முற்றி ஹுமாயூன் தனியாகத் திரும்பிப் போனான். அடுத்த வருஷம் ஜமாஅத்தில் வைத்துத் தலாக் ஆயிற்று. பிள்ளை தாயிடம்.

இப்போது ஜெய்னபுக்கு ஆறு வயது. அசீனாவுக்கு மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு தருகிறார்கள், பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

* இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு: அப்போதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் எடுப்பது அபூர்வம். தகப்பன் அல்லது தாயின் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதி, அஞ்சல்தலை அளவுக்குப் படத்தை ஒட்டி, முத்திரை குத்தித் தருவார்கள். ஜெய்னப் ஒட்டப்பட்டது அவள் அத்தா ஹுமாயூனின் பாஸ்போர்ட்டில். அவன் கோபித்துக்கொண்டு கிளம்பியபோது பெட்டி, கைலி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். பிள்ளை இங்கே நின்றாள். பிள்ளையின் படம் விமானம் ஏறிவிட்டது.

3

பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டு நாடு. பினாங்கில் பிறந்தாள், தகப்பனுக்கு அங்கே நிரந்தர உரிமை இருந்தது, ஆகவே மலேசியாக்காரி. தகப்பன் இந்தியக் குடிமகன், ஆகவே நம்மூர்க்காரி. தாயும் இந்தியாதானே என்று கேட்பீர்கள். அசீனாவும் கேட்டாள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியைத்தான் அன்றைய சட்டம் பார்த்தது. சுமந்தவள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இரண்டு நாடுகளும் ஜெய்னபை "எங்கள் பிள்ளை" என்று உச்சி முகர்ந்தன. "அப்படியானால் பாஸ்போர்ட் கொடுங்கள்" என்றதும் இரண்டும் ஒரே குரலில் "அத்தாவை வரச் சொல்லு" என்றன.

அசீனா அலைந்தாள். அவள் அலைந்ததில் ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு அரை அங்குலம் தேய்ந்து, நெடுஞ்சாலைத் துறை மறுபடி தார் போட வேண்டியதாயிற்று. கண்டக்டர்கள் அவளிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டு "ஆச்சாக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். (டிக்கெட் கேட்டார்கள். ஆனால் "ஆச்சாக்கா?" என்றும் கேட்டார்கள்.)

அவளுடைய வக்கீல் சம்பத்குமார். நெற்றியில் திருமண், மேசையில் கேஸ் கட்டுகள். அந்தக் கட்டுகளின் நடுவே போன மாமாங்கத்தில் ஒரு கட்சிக்காரர் காணாமல் போனதாகவும், இன்னமும் உள்ளேயிருந்து வாய்தா கேட்பதாகவும் பேச்சு. அவர் அசீனாவிடம் சொன்னார்:

"கேஸ் போட்டா உனக்குத்தான் ஜெயிக்கும். ஆனா ஜெயிக்கறப்போ இவளுக்குக் கல்யாண வயசாயிடும். அதைவிட அவரையே கூட்டிண்டு வா. ஒப்புதல் பத்திரத்துல ஒரு கையெழுத்து, அந்தப் பாஸ்போர்ட்டுல பிள்ளை பேரை ரத்து பண்ணணும். அது ஆனாத்தான் இவளுக்குத் தனியா எடுக்க முடியும். ஒரே பிள்ளை ரெண்டு பாஸ்போர்ட்டுல இருக்க முடியாதோன்னோ?"

ஹுமாயூன் வந்தான். அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம், அதற்காக ராஜபாளையத்துக்கு. நிச்சயத்துக்கு மூன்றாம் நாள் மெட்ராஸில் விமானம். இடையில் ஒரு நாள். அந்த ஒரு நாள் காலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தா பெஞ்சில் நான் அவர்களை உட்கார வைக்கிறேன்.

4

ஹுமாயூனை முதலில் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. முதல் வரைவில் அவனுக்கு ஒரு தங்கப் பல் வைத்தேன். விரலுக்கு ஒரு மோதிரம், கக்கத்தில் நாயனம் வைத்தது போல் ஒரு குடை, சிரித்தால் கோர்ட் ஓடுகள் கழன்று விழும். கையெழுத்துப் போட மறுப்பதற்கென்றே செய்த ஆள். எழுத எழுத எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனால் வராந்தாவில் வந்து உட்கார்ந்தவன் வேறு மாதிரி இருந்தான். மெலிந்து, சட்டைக் காலர் பெரிதாகி, பிள்ளைக்கு வாங்கி வந்த பிளாஸ்டிக் விமானத்தை எப்போது கொடுப்பது என்று தெரியாமல் பையோடு பிடித்துக்கொண்டு. தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

அசீனாவுக்கு அவனை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. முன்னே மச்சான் என்பாள். இப்போது மச்சான் என்றால் முறை தப்பும், பாய் என்றால் யாரோ கடைக்காரரைக் கூப்பிட்டது போலிருக்கும், பேர் சொன்னால் நாக்கு ஒப்பவில்லை. எப்படியும் கூப்பிடாமலே ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க, வக்கீலு ரெடி பண்ணிட்டாரு. கையெழுத்து ஒண்ணுதான்."

"படிச்சேன்."

"பொறவு என்ன?"

"அவ உங்கூட இருக்கட்டும், மாலத்தீவோ எங்கயோ போகட்டும், அதுக்கெல்லாம் போடுதேன். ரத்துங்கத மட்டும் எடுத்துரச் சொல்லு."

"அது இல்லாம பாஸ்போட்டு வராது. எம்புட்டு மட்டம் சொல்ல?"

சம்பத்குமார், உள்ளே தன் வேறொரு கேஸைக் கூப்பிடுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று குனிந்தார். "ஹுமாயூன் பாய், உங்களுக்கு அதுல என்ன நஷ்டம்? ஒரு பக்கம், ஒரு முத்திரை. பாஸ்போர்ட் உங்களதுதான், அப்படியே இருக்கும்."

ஹுமாயூன் பாஸ்போர்ட்டை எடுத்தான். பிரித்துக் காட்டவில்லை, மூடியபடியே தொடையில் வைத்துக்கொண்டான்.

"சார், நான் மாசத்துக்கு ஒருக்கா ரயில்ல சயாம் பார்டர் தாண்டித் துணி எடுக்கப் போறேன். பார்டர்ல ஒரு ஆபீசர். ஒவ்வொரு பக்கமாப் பொரட்டுவான். இவ படம் வந்ததும் நிப்பாட்டுவான். 'பிள்ள எங்க?'ம்பான். 'இந்த மட்டம் வரல'ம்பேன். 'நல்லாருக்காளா?'ம்பான். 'நல்லாருக்கா, ஸ்கூலுக்குப் போறா'ம்பேன். டப்புனு முத்திரையக் குத்திக் குடுத்துருவான்."

மூடிய பாஸ்போர்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"கடையில, வீட்டுல ஒருத்தரும் எங்கிட்ட அவளப் பத்திக் கேக்கதில்ல சார். நான் வருத்தப்படுவேன்னு கேக்க மாட்டாங்க. அவன் ஒருத்தன்தான் கேக்கான்."

வக்கீல் கைக் கட்டுக்குள் தலையை விட்டு எதையோ தேடத் தொடங்கினார். அசீனாவுக்குத் தேட ஒன்றுமில்லை.

"பார்டர் ஆபீசருக்குப் பதில் சொல்லதுக்காக எம் பிள்ள இங்க கெடக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லல அசீனா."

"வேற எப்படிச் சொல்லுதீங்க? நாலு வருசம் ஸ்டூலுல ஒக்கார வச்சீங்க. எறங்கி வந்துட்டேன். இப்ப பிள்ளய ஒரு பக்கத்துல ஒட்டி வச்சிருக்கீங்க. அவ எப்ப எறங்க?"

(இந்த வசனத்தை எழுதிவிட்டு எழுந்து வாசல் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தால் கதை எழுதுகிறவன் எங்கே போய் உட்காருவது?)

5

இதுவரை எழுதியதை என் மனைவி மரகதவல்லியிடம் வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அம்புட்டுப் பேரும் பேசுதீய. அந்தப் பிள்ள எங்க?"

"அங்கதான் இருக்கா. பெஞ்சுல."

"பெஞ்சுல வச்சுப் பூட்டியா வச்சிருக்கீய? ஆறு வயசுப் பிள்ள இம்புட்டு நேரம் வாய மூடிக்கிட்டு இருக்குமா? எந்த ஊர்ல?"

சரிதான். நாக்கைத் துருத்துகிற பிள்ளை. ஆகவே:

ஜெய்னப் பெஞ்சிலிருந்து குதித்து ஹுமாயூனின் முழங்காலுக்கு முன் நின்றாள்.

"அத்தா, அதுல நான் இருக்கேனாமே. காட்டுங்க."

அவன் பிரித்தான். உடனே அந்தப் பக்கம் வந்துவிட்டது. பிரித்துப் பிரித்து அந்த இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது. அவள் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தாள்.

"இது நான் இல்ல."

"நீதாம்மா."

"இதுக்குப் பல்லே இல்ல."

"இப்பவும்தான் முன்னாடி ரெண்டக் காணோம்."

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளேயே சிரித்தாள். அசீனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று ஹுமாயூன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்; அவள் திரும்பின பக்கம் எழுதப் போகவில்லை.

"அத்தா, இத வச்சுக்கிட்டு நான் பிளேன்ல போலாமா?"

"எங்கூட வந்தா போலாம்."

"அம்மா கூட?"

ஹுமாயூன் பாஸ்போர்ட்டை மூடினான்.

6

முடிவுகள் இதுவரை:

மரகதவல்லியின் முடிவு. "ரெண்டு பேரையும் சேத்து வச்சிருங்களேன். நீங்கதான எழுதுதீய, என்ன செலவா?" எழுதிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஹுமாயூன் மன்னிப்புக் கேட்டான், பினாங்கில் அவளுக்காக ஒரு பள்ளிக்கூடமே கட்டினான். அத்தனை பக்கத்திலும் அசீனா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காகிதத்தை மடித்து மளிகைச் சாமான் கட்டக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பிடித்த முடிவு. அசீனா பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தைக் கிழித்து, வாயில் போட்டு மென்று விழுங்குகிறாள். சம்பத்குமார் மயங்கி விழுகிறார். மாஜிஸ்திரேட் இறங்கி ஓடி வருகிறார். கட்டுக்குள் காணாமல் போன கட்சிக்காரர் சத்தம் கேட்டு வெளியே வருகிறார். ஆகா! ஆனால் விழுங்கியதன்மேல் ரத்து முத்திரை குத்த எந்த ஆபீசிலும் வசதி இல்லை.

ஒழுங்கான முடிவு. "ஹுமாயூன் கையெழுத்துப் போட்டான்." எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் அவன் பார்டரில் நிற்கிறான். அந்த ஆபீசர் பக்கங்களைப் புரட்டுகிறான். படத்தின் மேல் குறுக்காக முத்திரை. ஆபீசர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறான், ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறான்.

அதற்கு எதிர் முடிவு. "ஹுமாயூன் கையெழுத்துப் போடவில்லை." ஜனவரியில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அசீனா தனியாக நிற்கிறாள், அல்லது போகாமல் ராஜபாளையத்திலேயே ஒரு டுடோரியலில் யாருக்கோ இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருக்கிறாள். ஜெய்னப் கேட்கிறாள்: "நாம எப்பம்மா பிளேன்ல—"

முடிக்கவில்லை. முடிக்க மாட்டேன்.

7

உள்ளே கேஸ் கூப்பிட்டுவிட்டார்கள். சம்பத்குமார் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார். ஓடுகிறபோதே, "பத்திரத்துல சீல் வைக்கிற நோட்டரி ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்துடுவார், அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு பண்ணிடுங்கோ!" என்று கத்தினார்.

பத்திரம் பெஞ்சில் இருக்கிறது. ஜெய்னப் பிளாஸ்டிக் விமானத்தைப் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டு தூணைச் சுற்றி ஓடுகிறாள். அசீனா மணி பார்க்கிறாள். ஹுமாயூன் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்து இன்னொரு தரம் படிக்கிறான். பிறகு சட்டைப் பையைத் தடவுகிறான். பேனா இல்லை.

அசீனாவின் கைப்பையில் இருக்கிறது. டீச்சர், இல்லாமலா? ஆனால் அவள் எடுக்கவில்லை. அவள் பேனாவை நீட்டித்தான் எழுதி வாங்கினாள் என்று பின்னால் ஒரு சொல் வரக் கூடாது. எனக்கும் அவனுக்கு ஒரு பேனா கொடுக்க ஆசைதான். என் பேனா எதை எழுதும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. இந்த நிமிஷம் வரை அது செய்த அட்டகாசத்தைத்தான் பார்த்தீர்களே.

அந்தப் பெஞ்சின் கோடியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறு ஏதோ வாய்தாவுக்கு வந்தவர். இவ்வளவு நேரம் கேட்காதது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஹுமாயூன் உங்கள் பக்கம் திரும்புகிறான்.

"செத்த பேனா குடுங்களேன்."

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் இடமிருக்கிறது, ரத்து என்கிற வரியை அடிக்கவும் இடமிருக்கிறது. எதற்குக் கேட்கிறான் என்று அவன் சொல்லவில்லை. கொடுங்கள். ஆனால் நம்மூர் வழக்கப்படி மூடியைக் கழற்றி உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூடி கையில் இருக்கிறவர் பேனா வரும் வரைக்கும் எழுந்து போக முடியாது.

நான் போகலாம். பஸ் வந்துவிட்டது.