நல்ல கால்

எக்ஸ்ரே டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் பாதியில் விட்டேன். ஆனால் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு அந்தப் படிப்பே போதுமானதாக இருந்தது. பாட்டில் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால், யாராவது பெரிய கவரோடு வாசலில் நிற்பார்கள். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இங்கே விரிசல், இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

2004 ஆகஸ்டில் அக்கா மகள் அறிவுமதி சைக்கிளோடு விழுந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது முடியவில்லை. நாய் குறுக்கே ஓட, ஹேண்டிலைத் திருப்பி, வாய்க்கால் பாலத்தின் சிமெண்ட் கட்டையில் வலது முட்டியை மோதிக்கொண்டாள். முட்டி வீங்கிவிட்டது. அவள் அப்பா சிலம்பரசன் லாரியோடு நாக்பூர் போயிருந்தார். பூர்ணிமா அக்காதான் ஆட்டோ பிடித்துப் போய்ப் படம் எடுத்தாள். எலும்பு டாக்டர் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் வருவார் என்றார்களாம். அக்கா அதுவரை காத்திருக்கவில்லை. படத்தை என்னிடம் கொண்டுவந்துவிட்டாள்.

"ஒடஞ்சிருக்காடா? இதோ கறுப்பா கோடு தெரியுதே."

முட்டிக்கு மேலே, தொடை எலும்பின் முனையில், குறுக்காக ஒரு கோடு இருந்தது.

"அது முறிவில்லக்கா. எலும்பு வளர்ற எடம். பசங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பெரிசானா தானா மூடிக்கும்."

நான் சொன்னது பொய்யில்லை. பாடத்தில் உள்ளதுதான். ஆனால் அந்தக் கோடு ஒரு பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்தது. அதையும் பார்த்தேன். சந்தேகம் வந்தால் மற்ற காலையும் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எனக்குக் கண் எரிந்தது. படுக்கவேண்டும்.

"சுளுக்குதான். துணி சுத்திப் படுக்க வையி. டாக்டர்லாம் வேணாம்."

மூன்று வாரம் நொண்டினாள். பிறகு ஓடினாள். எல்லாரும் மறந்துவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, ஜூன் மாதம், யூனிபார்ம் தைக்கும் சுலோசனா அளவெடுக்கும்போது அவளை அதட்டினாள். "நேரா நில்லு பாப்பா. என்னாத்துக்கு சாயற?"

"நேராதான் நிக்கறேன்."

அவள் நேராகத்தான் நின்றாள். பாவாடை வலது பக்கம் தாழ்ந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு காலுக்கும் படம் எடுக்கச் சொல்லி, விளக்குப் பெட்டியில் மாட்டினார். இடது முட்டிக்கு மேலே கோடு இருந்தது. வலதில் இல்லை. வளர்ச்சி நின்று வெள்ளையாக மூடியிருந்தது. யாரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

"அடிபட்டப்ப யார் பாத்தாங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அறிவுமதி சொன்னாள். "எங்க மாமாதான் பாத்தாரு. எக்ஸ்ரேக்குப் படிச்சவரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அவளை வெளியே அனுப்பினார்.

"அப்பவே வந்திருந்தா சரியாயிருக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. இந்த எடத்துல முறிஞ்சா, ஒழுங்கா வைத்தியம் பாத்தாலும் நெறைய பேருக்கு மூடிக்குது. இவளுக்கு மூடாம இருந்திருக்கலாம். மூடியும் இருக்கலாம்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரேயடியாக உன்னால்தான் என்று சொல்லியிருக்கலாம்.

மூடியதை இனித் திறக்க முடியாது என்றார். இப்போது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் குறைவு. விட்டால், அவள் வளர்ந்து முடிப்பதற்குள் நாலு கிட்ட வரும். அதற்கு ஒரு வழிதான் சொன்னார். "இடது கால்லயும் வளர்ற எடத்தை மூடிடணும்."

"நல்லாருக்கற காலையா?" என்றாள் அக்கா.

"அந்தக் கால்தாம்மா வளருது. நிறுத்தினா வித்தியாசம் இதோட நிக்கும். வலது செருப்புல ஒசரத்துக்குத் தட்டு வச்சு சமாளிச்சுக்கலாம். உயரம் கொஞ்சம் கொறையும். தள்ளிப் போடாதீங்க, தெனம் வளர்ந்துட்டிருக்கா."

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னாள். "அவகிட்ட நீயே சொல்லு முருகையா. எல்லாத்தையும் நீதான சொல்லுவ."

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது. தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் கம்பெனியிலிருந்து வந்தேன். அவள் தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருப்பாள்.

"மாமா, என் கால இழுத்து நீட்டிடுவாங்களா?"

"சரி பண்ணிடுவாங்க."

"அப்பறம் ஸ்கூல் கோ-கோ டீம்ல சேத்துப்பாங்களா?"

"மொதல்ல சாப்புடு."

ஒன்பது நாளும் இப்படியே போயிற்று. சொல்லிவிட்டாயா என்று அக்கா கேட்கவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்றே நினைத்திருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை அவளுக்குப் பச்சை கவுன் மாட்டினார்கள். அக்கா கையெழுத்துப் போட வெளியே போயிருந்தாள். ஒரு சின்ன டாக்டர் வந்து, பேனாவால் இடது தொடையில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். அறிவுமதி காலைப் பார்த்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"மாமா! மாத்திப் போட்டுட்டாங்க! இது நல்ல காலு!"

நர்ஸ் சிரித்தார். "உஷாருதான்டி நீ." பைலைப் புரட்டினார். "இடதுன்னுதான் போட்டிருக்கு பாப்பா."

"தப்பா எழுதியிருக்கீங்க. இது நல்ல காலு சிஸ்டர்!" விரலை எச்சிலில் நனைத்து அம்புக்குறியைத் தேய்க்க ஆரம்பித்தாள். "மாமா, நீ சொல்லேன்!"

நர்ஸ் என்னைப் பார்த்தார். சொல்லவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பது நாளாகச் சொல்லாதது. அப்போதும் அதில் பாதியைத்தான் சொன்னேன்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க."

விரல் நின்றது. "நெசமாவா?"

"ம்."

"நீ படத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று கையை எடுத்துவிட்டாள். தானாகவே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்து, கவுனை இழுத்து முட்டியை மூடிக்கொண்டாள். நர்ஸ் அதை மறுபடி விலக்கி, கலைந்திருந்த அம்புக்குறியின் மேலேயே அழுத்தி இன்னொரு முறை வரைந்தார்.