குதிரை மிதித்த நெல்

1972ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஜேர்மனியின் வடக்குப் பக்கத்தில் நாலு வயதுக் குதிரைகளுக்கென்று நடந்த நடைப் போட்டியொன்றில், குறிஞ்சாக்கேணி மஹ்ரூப் ஏறியிருந்த கறுப்புப் பெட்டைக் குதிரையின் காலடியிலிருந்து ஐந்து மரைக்கால் நெல் கொட்டியது. நல்லாய் முற்றின நெல், பதர் குறைவு. நடுவர்கள் மூன்று பேரும் கூடிக் கதைத்து, மைதானத்தை அசுத்தப்படுத்தியதற்கு இரண்டு புள்ளியும், ஏறியிருந்தவன் வாயைத் திறந்து குதிரையோடு பேசியதற்கு இரண்டு புள்ளியுமாக நாலு புள்ளி வெட்டினார்கள். பிறகு இரண்டு பேர் தும்புத்தடியோடு வந்து, நெல்லைக் குதிரை போட்ட லத்தியோடு சேர்த்துக் கூட்டி அள்ளி, தள்ளுவண்டியில் கொட்டிக்கொண்டு போனார்கள். மழை வருமோ என்று எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

மஹ்ரூபுக்குக் குதிரைப் பரம்பரை ஒன்றும் கிடையாது. கிண்ணியாப் பக்கத்தில் குதிரையைக் கண்டவன் ஆர்? அவனுடைய தொழில் சூடு மிதிக்க எருமை வளைக்கிறது. வெட்டின கதிர்களைக் களவெட்டியில் பரப்பி, ஆறேழு எருமைகளை ஒன்றோடொன்று பிணைத்து, நடுக்கம்பத்தைச் சுற்றி இடப்பக்கமாகவே நடத்தி, "பொலி, பொலி" என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டு பின்னால் போகவேண்டும். களவெட்டியில் நிற்கிறவன் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் குறைந்துபோகும். எருமை வாலைத் தூக்குகிற நேரம் பார்த்து வைக்கோலைச் சுருட்டிக் கையில் ஏந்தி, சாணம் விழாமல் பிடிக்கிறதும் அவன் வேலைதான். சொந்தத்தில் ஒரு காணித்துண்டு இல்லை. கூலியாகக் கிடைக்கிற நெல் வருசத்தில் எட்டு மாதம் காணும், மிச்சம் நாலு மாதம் வாவியில் இறால் பொறுக்கிக் காலம் தள்ளுவான். 1968இல், பெண்சாதி நஜ்முன் நிஸா மூன்றாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருக்க, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றில் கழுவித் துடைக்கிற வேலைக்கு ஏறினான். ஜேர்மன் துறைமுகமொன்றில் அவனுக்குக் குடல்வால் வெடித்தது. கப்பல் அவனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே அவனைப் பார்த்துக்கொண்ட தாதியின் தமையன் ப்றாண்ட் என்பவர் குதிரை வைத்திருந்தார், தொழுவம் கழுவ ஆள் தேடிக்கொண்டுமிருந்தார். மஹ்ரூப் தையல் பிரித்த மூன்றாம் நாளே வாளியும் கையுமாக நின்றான்.

இந்த ப்றாண்ட் முதலாளி இளங் குதிரைகளை நடை பழக்கிப் போட்டிக்கு விட்டுப் பேரெடுக்கிறவர். டிறசாஜ் என்று அதற்குப் பேராம். குதிரை பாயக்கூடாது, சுமக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. வெள்ளைப் பலகை அடைத்த நீள்சதுரத்துக்குள் வட்டம் போடவேண்டும், பக்கவாட்டில் நடக்கவேண்டும், தூக்கின காலை ஒரு கணம் ஆகாயத்தில் வைத்துப் பிறகு இறக்கவேண்டும். இதற்காக வாயில் இரும்பைக் கொடுத்து, நாடி நெஞ்சில் முட்டும்வரை வாரை இழுத்து, நாக்கு நீலம்பாரித்து எச்சில் வழிய வழிய அந்தச் சீவன்களைச் சுற்றவிட்டு, வேலியோரம் நின்று கோப்பி குடிப்பார்கள். மஹ்ரூப் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவான். எருமையும் சுற்றுகிறதுதான், ஆனால் சுற்றி முடிய ஒரு வீடு சாப்பிடும். இதுகள் சுற்றி என்ன கண்டது? ஆனாலும் கை பழகின கை. மூன்று வருசத்தில் ஏறவும் கற்றான், அவர்களுடைய பாசையும் கற்றான். வாரை இழுக்காமல் பிடிக்கிறவன் அந்தத் தொழுவத்தில் அவன் ஒருவன்தான்.

அந்தக் கறுப்புப் பெட்டை மூன்று பேரை விழுத்தி, ஒருவனின் தோள்மூட்டை உடைத்தும் வைத்திருந்தது. இறைச்சிக்கு அனுப்பலாம் என்று கதை நடந்தபோது மஹ்ரூப் நீளக் கயிற்றில் கட்டி இடப்பக்க வட்டம் விட்டுப் பார்த்தான். காலடியில் ஒரு கதிர்கூட இல்லாமல் சும்மா மணலை மிதிக்கிற அநியாயம் பொறுக்காமல், ஆர் மேலே கோபமென்று தனக்கே தெரியாமல், "பொலி" என்றான். பெட்டை காதை நிமிர்த்தி, முதுகை வளைத்து, ஒவ்வொரு காலாய் எடுத்து ஆற அமர மிதித்தது. மணலிலிருந்து நெல் வந்தது. மஹ்ரூப் குந்தியிருந்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்தான். சீனட்டி, ஊரில் விளைகிற அதே நெல். இடப்பக்க வட்டத்தில் கொட்டியது, வலப்பக்கம் திருப்பினால் ஒரு மணியுமில்லை. எந்தக் களவெட்டியிலும் வலப்பக்கம் வளைக்கிறதில்லை என்பதால் அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ப்றாண்ட் வந்து, சப்பாத்தின் அடியில் ஒட்டினதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, எலி வரும் என்றார். குதிரையின் நடையைப் பார்த்த பிறகு இன்னொன்றும் சொன்னார்: இதை இனி நீதான் பழக்கவேண்டும், போட்டிக்கும் நீதான் ஏறவேண்டும்.

அப்படித்தான் குறிஞ்சாக்கேணி எருமைக்காரன் கறுப்புக் கோட்டும் வட்டத் தொப்பியும் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரருக்கு முன்னால் தலைகுனிந்து வணக்கம் வைக்கத் தொடங்கினான். ஒவ்வொரு போட்டியிலும் வாய் திறந்ததற்கும் நெல்லுக்குமாகப் புள்ளி வெட்டுவார்கள், அப்படியிருந்தும் பெட்டை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்துவிடும். அத்தகைய நடை. ப்றாண்ட் நெல் கூட்டவென்றே இரண்டு ஆள் வைத்தார். கூட்டினது எல்லாம் தொழுவத்துக்குப் பின்னால் உள்ள குப்பைக் கிடங்குக்குப் போகும்: நெல், லத்தி, மூத்திரத்தில் ஊறின வைக்கோல், செத்த எலி, எல்லாம் ஒன்றாய். மழை பெய்தால் அது முளைத்துப் பச்சையாய் நின்று, பிறகு அழுகிச் சளி மாதிரி ஓடும். அந்த நாற்றத்தைச் சொல்லவே நாக்கூசுகிறது. நெல்லைக் கண்டால் காலை விலக்கி வைக்கிற ஊரில் பிறந்தவன் தினமும் காலையில் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகவேண்டும். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

1973இன் கடைசியில் நஜ்முன் நிஸாவின் கடிதம் வந்தது. இரண்டு போகமும் மழை பொய்த்துப்போனது, களவெட்டிகளில் புல் முளைத்துவிட்டது. ஆராவது இரண்டு கொத்து அரிசியைச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு போனாலும், அரிசி கொண்டுபோகத் தடையென்று துறையடியில் பொலிஸ் மறித்துப் பறிக்கிறது. பாணுக்குச் சுபஹுத் தொழுகையோடேயே வரிசை, அதுவும் பாதிப் பேருக்குத்தான். மூத்தவன்கள் இரண்டு பேரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று சமாளிக்கிறான்கள். கடைக்குட்டி ஜெமீலாவுக்குக் கிழங்கு வயிற்றில் நிற்குதில்லை, தின்றதை எல்லாம் சத்தி எடுக்கிறாள், கால் குச்சியாகி வயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, சோறு சோறு என்று அனுங்குகிறாள். ஜெமீலா பிறந்ததை மஹ்ரூப் கண்டதில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். கிடங்குக்குள் அன்றைய பன்னிரண்டு மரைக்காலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் நேரே ப்றாண்டிடம் போய், கூட்டுகிற நெல்லைச் சாக்கில் கட்டித் தன் ஊருக்குப் போகிற கோதுமைக் கப்பலில் ஏற்றிவிடும்படி கேட்டான். தொழுவத்துக் குப்பையை ஆராவது கப்பலில் அனுப்புவானா என்று முதலாளி சிரித்தார். பிறகு, வருகிற மாசிப் போட்டியில் பெட்டை முதலாவதாக வந்தால் அனுப்புகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். மஹ்ரூப் நம்பினான். பகலெல்லாம் அந்தக் குதிரையோடேயே கிடந்தான். மாசியில் பெட்டை முதலாவதாக வந்தது, புள்ளி வெட்டியும் வந்தது. கழுத்தில் பட்டியும் மலர்வளையமும் போட்டார்கள், ப்றாண்ட் படம் பிடிக்க நின்றார். மஹ்ரூப் தானே முப்பது சாக்கு நெல்லைத் தூற்றிக் கட்டித் தொழுவ வாசலில் அடுக்கினான். அடுத்த நாள் வேலைக்கு வந்தபோது வாசல் வெறுமையாகக் கிடந்தது. சாக்குகளை வெட்டிக் கிடங்குக்குள் கொட்டி, எலி வராமல் மேலே சுண்ணாம்பும் போட்டு, பன்றிப் பண்ணையிலிருந்து கொண்டுவந்த கழிவையும் அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ப்றாண்ட் யன்னலில் நின்று பாண் சாப்பிட்டுக்கொண்டே கையசைத்தார். மஹ்ரூப் வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். அன்றிலிருந்து அவனால் சோற்றை நினைக்கவும் ஏலாது. உருளைக்கிழங்கும் பாணுமாக நாளைக் கழித்தான்.

ஆறு வயதுக் குதிரைகளின் பெரிய போட்டி 1974 புரட்டாதியில் நடந்தது. ப்றாண்ட் புதுக் கோட்டுத் தைத்துக் கொடுத்திருந்தார், கூட்டுகிறவர்கள் ஆறு பேர் நின்றார்கள். மஹ்ரூப் உள்ளே போய் வணக்கம் வைத்து, இடப்பக்க வட்டத்தில் குதிரையை விட்டு, இதுவரை முணுமுணுத்ததை இந்த முறை களவெட்டியில் கூப்பிடுகிற மாதிரி நெஞ்சைத் திறந்து கூப்பிட்டான். பெட்டை மிதித்தது. ஏழு நிமிடத்தில் முடிக்கவேண்டும், நடுவில் வந்து நின்று திரும்பவும் வணக்கம் வைக்கவேண்டும். மணி அடித்தார்கள். மஹ்ரூபுக்குக் கேட்டது. அவன் வட்டத்தை விடவில்லை. முதல் மணித்தியாலத்தில் நெல் வெள்ளைப் பலகையை மூடியது, இரண்டாவதில் நடுவர்களின் மேசைக்கு வந்தது, அவர்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போயிருந்து தொடர்ந்து எழுதினார்கள். பெட்டை தான் மிதித்த நெல்லின் மேலேயே ஏறி ஏறி மிதித்தது. மூன்றாவது மணித்தியாலத்தில் அவனுடைய தொண்டை அடைத்துவிட்டது, அப்போதுதான் பெட்டை நின்றது. இடப்பக்க வட்டத்துக்கு அந்த நாட்டில் அதுவரை ஆரும் வாங்காத புள்ளி கொடுத்தார்கள். மணிக்கு அடங்காததற்காகப் போட்டியிலிருந்து விலக்கினார்கள்.

மைதானக்காரர் மூன்று நாளைக்குள் எல்லாம் போகவேண்டும் என்று ப்றாண்டை நெருக்கினார்கள். அத்தனை நெல் எந்தக் கிடங்குக்கும் கொள்ளாது, எரிக்கவும் ஆற்றில் கொட்டவும் நகரசபை விடாது. ப்றாண்ட் கோட்டெல்லாம் உமியாக வந்து மஹ்ரூபின் முகத்துக்கு நேரே நின்றார்.

"உன் குப்பையை உன் நாட்டுக்கே அனுப்புகிறேன். நீயும் போ."

"அதைத்தான் நானும் கேட்டனான்" என்றான் மஹ்ரூப், தன் பாசையிலேயே. அவர்களுடைய பாசையில் சொல்ல அவனுக்கு வாய் கூசியது.

ஆனால் அவன் நெல்லோடு போக ஏலவில்லை. முறையான கடுதாசி ஒன்றும் இல்லாதவனை அந்த நாட்டு அரசாங்கம் எட்டு மாதம் ஓர் அறையில் வைத்திருந்தது. பெட்டையை ஆருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நெல் 1975 தை மாதம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தது. பத்திரத்தில், குதிரை மிதித்த நெல், கால்நடைத் தீவனம் என்று எழுதியிருந்தது. தீவனம் தின்னக் கால்நடை எங்கே இருந்தது, பாதியைத்தான் வெட்டித் தின்றாகிவிட்டதே. ஆகவே மில்லில் குற்றிக் கூட்டுறவுச் சங்கக்கடைகளுக்கு அனுப்பினார்கள். கிண்ணியாச் சங்கக்கடை மனேஜர் கனகரத்தினம் நேர்மையான மனிதர். இது இன்ன மாதிரி வந்த அரிசி, விருப்பமான ஆட்கள் எடுங்கோ என்று வாசலில் நின்று வாசித்தார். வரிசையில் நின்ற சனம் முகத்தைச் சுளித்தது. அள்ளி மணந்து பார்த்தார்கள், துப்பினார்கள். வெள்ளைக்காரன்ர குதிரை மூத்திரத்தை நாங்கள் தின்கிறதா என்றார்கள். ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை, அது வேறு விசயம். கடைசியில், இதைத் தின்னலாமா என்று கேட்க ஸெய்னுதீன் ஆலிமைக் கூட்டி வந்தார்கள். அவரும் மூன்று நாளாகக் கிழங்குதான் தின்றிருந்தார். கிதாபைப் பார்த்து, சூடு மிதிக்கிற மாடு நெல்லில் கழித்தால் அதற்கு மன்னிப்பிருக்கிறது, மாட்டுக்குள்ள சட்டம்தான் குதிரைக்கும், கழுவி ஆக்குங்கள் என்று சொல்லிவிட்டுத் தானும் பையோடு வரிசையில் நின்றார். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கி, பிறர் வாங்குகிறதைப் பார்த்துச் சீ சீ என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆக்கித் தின்றது. வயிறு நிறைந்த பிறகு திரும்பவும் வெளியே வந்து துப்பியது. என்ன சாதிச் சனமப்பா. மூன்று மாதம் கிண்ணியாவும் மூதூரும் அதில்தான் உயிர் தரித்தன. நஜ்முன் நிஸா அரிசியைக் கையில் அள்ளினவுடனேயே அது ஆருடைய வேலையென்று விளங்கிக்கொண்டாள். குதிரையைப் பற்றிப் புருசன் எழுதின கடிதங்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மஹ்ரூப் ஆனி மாதம் வந்து சேர்ந்தான். துறையைக் கடந்து, மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழு வயதுப் பிள்ளையொன்று பாயில் இருந்து மீன் ஆணமும் சோறும் தின்றுகொண்டிருந்தது. கன்னம் உப்பிக் கிடந்தது. ஆரென்று தெரியாத மனிசன் வந்து நிற்கிறதைப் பார்த்தும் அது தின்கிறதை நிறுத்தவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான், அழவில்லை, அழுகிற மாதிரி இருந்தது. நஜ்முன் நிஸா அவனுக்கும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சங்கக்கடை அரிசியில் கடைசி இரண்டு கொத்து என்றாள். மஹ்ரூபுக்குக் கிடங்கின் நாற்றம் மூக்கில் வந்து அடித்தது, கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு ஏலாது. அது என்னண்டு வந்ததெண்டு உனக்குத் தெரியாது."

"தெரியும். குதிர மயிர் கிடந்திச்சு" என்றாள் அவள். "பொறுக்கிப் போட்டுட்டு ஆக்கின நான். புள்ள முதல் நாளே மூணு தரம் கேட்டுத் திண்டாள், எடுக்கல்ல. நீங்களும் தின்னுங்க."

ஜெமீலா தன்னுடையதை முடித்துவிட்டு, தள்ளி வைத்த கோப்பையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மஹ்ரூப் அதில் பாதியை அள்ளி அவளுடைய கோப்பையில் போட்டான். மிச்சப் பாதியில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவளம் வாயில் வைத்தான். மென்றான், விழுங்கினான்.

"உப்புக் காணாது" என்றான்.

நஜ்முன் நிஸா எழும்பிக் குசினிக்குள் போய் உப்புச் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.