உதட்டுப் பேச்சு

எழுபது வயதில் காதுக்குள் கருவி வைத்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். பிசகாமல் திருப்பிச் சொன்னேன். "தேறிட்டீங்கப்பா" என்றாள்.

வீட்டில்தான் வம்பு. நான் செவிடாக இருந்த வருடங்களில், கத்திக் கத்தித் தொண்டை வற்றிய என் மனைவி, குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருந்தாள். "குரல் குடுத்துப் பேசேன்" என்றால் சரி என்பாள், அதையும் சத்தமில்லாமல்.

நேற்று சமையலறையில் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவோரம் ஒளிந்து நின்று கேட்டேன். தகரத்தில் ஆணி உரசுவதுபோல் இருந்தது; ஆனாலும் அவள் குரல்.

"அவருக்கு இப்ப நல்லாக் கேக்குதுடி. இனிமே அவரோட வாய் ஓயாம பேசணும்," என்றாள்.

திரும்பியவள் என்னைப் பார்த்ததும் போனை இறக்கினாள். உதடு மட்டும் அசைந்தது: "பசிக்குதா?"