தேவகியின் வலது கால்

சேவூரில் தேவகியின் வீட்டு வாசலில் விடிந்ததும் யாராவது குப்புறப் படுத்துக் கிடந்தால் தெருவில் ஒருவரும் பதறமாட்டார்கள். முதுகில் சுளுக்கு, அவ்வளவுதான். தேவகி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் வெறும் வயிற்றில் மூன்று முறை மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுப்போகும் என்பது ஊரின் நம்பிக்கை. அரிசி மில்லில் மூட்டை சுமக்கிறவர்கள், தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், பைக்கை விட்டுப் பள்ளத்தில் விழுந்த வாலிபர்கள் எல்லாரும் அங்கே வந்து படுத்தார்கள். தேவகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைப்பாள். காசு வாங்கமாட்டாள். தறி நெய்ய ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள், இந்தக் கால் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்று மில்லில் மூட்டை தூக்கும் துரைக்கண்ணு படுத்திருந்தார். அவருக்குச் சற்றுத் தள்ளி, தேவகியின் மகள் துர்கா ஒரு ஒட்டடைக் கொம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். பின்தலை, நடுமுதுகு, இடுப்புக்குக் கீழே என்று மூன்று இடத்திலும் கொம்பு ஒட்டியே இருக்க வேண்டும். ஓரிடம் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். மடங்க வேண்டியது இடுப்பு, முதுகு இல்லை. மாநிலப் பளுதூக்கும் போட்டியில் மெடல் வாங்கிய பெண், இரும்பே இல்லாமல் குனியக் கற்றுக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எழிலரசன் சார் நடத்தும் ஜிம்மில், போன மாசியில், தரையிலிருந்து எடை மாட்டிய கம்பியை இழுக்கும்போது அது முழங்காலை விட்டு ஒரு விரற்கடை முன்னால் போய்விட்டது. கீழ்முதுகில் சுருக்கென்றது. வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவே தட்டு ஒன்று பிதுங்கியிருக்கிறது, பொறுமையாக இருந்தால் சரியாகும் என்றார்கள். பொறுமைதான் துர்காவிடம் இல்லாத ஒன்று. ரயில்வேயில் விளையாட்டு கோட்டாவுக்கான தேர்வு ஆடியில் சென்னையில் நடக்க இருந்தது. அவளுடைய வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அது போனால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்ற வேண்டியதுதான்.

எழிலரசன் சார் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஸ்கேன் பார்த்த அன்று பேசினார்.

"வலி முதுவுக்குள்ளயே சுருங்கிகினு வந்துச்சுன்னா நல்லாயிட்டு வர்றேன்னு அர்த்தம். காலுக்கு எறங்குச்சுன்னா அந்த நிமிஷம் எனக்குப் போன் பண்ணணும். அப்புறம் இன்னொண்ணு. உங்க அம்மா காலு உன் மேல படக்கூடாது."

துர்கா இதை வீட்டில் வந்து சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஊருக்கெல்லாம் ஆவுது என் காலு. பெத்த பொண்ணுக்கு ஆவாதாமா?" என்றாள் தேவகி. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மகள் எழுந்திருக்கும்போது முகம் சுளித்தால் போதும், தேவகியின் பார்வை தன் காலுக்குப் போய்த் திரும்பும். துர்கா அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

துர்கா சொன்னபடி செய்தாள். காலையும் மாலையும் ஆற்றங்கரையோரம் நடந்தாள். குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கினாள். முட்டி போட்டு, வலது கையையும் இடது காலையும் சேர்த்து நீட்டி, நடுங்காமல் நிற்கப் பழகினாள். வெறும் கம்பியோடு தொடங்கினாள். யாரோ குத்த வருவது போல வயிறு நிறைய மூச்சை இறுக்கிக்கொண்டுதான் தூக்கினாள். இடுப்பில் கட்டும் பெல்ட் முதுகைத் தாங்காது, வயிறு அதை அழுத்தினால்தான் அதற்கு வேலை என்று புரிந்துகொண்டாள். தொடை வரைக்கும் இருந்த வலி இடுப்புக்கு ஏறியது, இடுப்பிலிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கி முதுகில் ஓரிடத்தில் நின்றது. சித்திரை போய் ஆனி வந்தபோது பழைய எடையில் முக்கால்வாசியைத் தூக்கிவிட்டாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. எழிலரசன் சார் மற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னாலேயே சென்னைக்குப் போயிருந்தார். துர்கா ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் குனிந்து எடுத்து, அப்படியே திரும்பி இடுப்பில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து எடுக்கிற குடம். எண்பது கிலோவுக்குப் பிடிக்கிற மூச்சை ஒரு குடத்துக்கு யார் பிடிப்பார்கள்? குழாயடியிலேயே முட்டி போட்டுவிட்டாள். தண்ணீர் அவள்மேலேயே கொட்டியது. பெண்கள் சிரித்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சாருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மறுநாள் விடிந்ததும், கூடத்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தாள்.

"அம்மா, மிதி."

தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊராருக்கு வைக்கும்போது பார்த்துப் பார்த்து வைக்கிற கால் அது. மகளுக்கு மனசார வைத்தாள், இத்தனை நாள் வைக்க முடியாததையும் சேர்த்து வைத்தாள்.

இடது புட்டத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் நெருப்பாக ஒரு கோடு ஓடியது. துர்கா பாயைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்து நின்றபோது முதுகு லேசாகிவிட்டது. நிஜமாகவே லேசாகிவிட்டது! கால்தான் எரிந்தது.

"முதுவு வுட்ருச்சும்மா. காலு மட்டும் எரிஞ்சிகினே கீது."

"வலி எறங்குதுடி. கட்டவெரலு வழியா போய்டும் பாரு. இன்னும் ரெண்டு வேளை மிதிச்சா போதும்."

சார் சொன்னது துர்காவுக்கு ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. ஆனால் முதுகு வலிக்கவில்லையே? மூன்று நாளில் மேடை ஏற வேண்டியவளுக்கு எது வேண்டுமோ அதைத்தான் அவள் நம்பினாள். மறுநாளும் படுத்தாள், அதற்கு மறுநாளும் படுத்தாள். எரிச்சல் நின்று கால் மரத்துப்போனது. "பாத்தியா, போயிருச்சு" என்றாள் தேவகி. மகளுக்குப் பிடித்த கேசரி கிண்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸை நோக்கி நடக்கும்போது பூக்காரம்மா பின்னாலிருந்து கத்தினாள். "யம்மா, உன் செருப்பு இங்க கெடக்குது!" துர்கா குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை. வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் அந்தக் கால் நின்றுகொண்டிருந்தது, அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அது தூங்கும் பிள்ளை மாதிரி கிடந்தது. பஸ் புறப்பட்டுப் போனது.

அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பு நாள்கணக்கில் நசுங்கிக் கிடந்திருக்கிறது, முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பாதம் எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். இரும்பு இனிமேல் கிடையாது.

"யாராவது மிதிச்சாங்களா? நீவி விட்டாங்களா?"

தேவகி ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். துர்கா அவள் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல சார். கொடம் தூக்கறப்போ புடிச்சிக்கிச்சு."

பார்க்க வந்த எழிலரசன் சாரிடமும் அதையே சொன்னாள். அவர் தேவகியின் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆரஞ்சுப் பையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆடியும் வந்தது. துர்கா நூல் சுற்றினாள். பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டுதான் குழாயடிக்கே போக முடிந்தது. "அந்த இரும்புதான் எம் பொண்ண முழுங்கிருச்சு" என்று தேவகி தெருவுக்கே சொன்னாள். வாசலில் ஆட்கள் வந்து படுப்பது நிற்கவில்லை. முக்கால்வாசிப் பேர் எழுந்து சிரித்துக்கொண்டுதான் போனார்கள், அதுவும் உண்மை. சாயங்காலம் தறியை விட்டு இறங்கியதும் தேவகி மகளின் பாதத்தில் எண்ணெய் தேய்ப்பாள். தேய்த்து முடித்து, நகத்தால் கட்டைவிரலின் மேல் மெதுவாகக் கீறுவாள்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் தேவகி சாப்பிடுவாள். ஆகவே துர்கா தினமும் சொன்னாள்.

அன்று விடியற்காலையில் துரைக்கண்ணு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். படுப்பதற்கே வெகுநேரம் ஆனது.

"இந்த தபா ரொம்ப பேஜாரா பூட்ச்சுக்கா. நேத்துலேர்ந்து முதுவு வலி கொறஞ்சிகினு காலுக்கு எறங்குது. வெரலெல்லாம் மரத்துப் போச்சு. ஜல்தியா மிதி, லோடு வந்து நிக்குது."

"எறங்குதுன்னா நல்லதுதாண்டா. போறதுக்குத்தான் எறங்குது" என்று சொல்லிக்கொண்டே தேவகி புடவையைச் செருகினாள். சாமி படத்தைக் கும்பிட்டாள். வலது காலைத் தூக்கினாள்.

துர்காவின் கையில் நூல் நின்றது. சொன்னால் அம்மாவுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. சொல்லாவிட்டால் அந்த மனிதர் நாளைக்கு எழுந்து நடக்கமாட்டார், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"அம்மா, வைக்காத."

"ஏண்டி?"

"மாமா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னிக்கே போங்க."

"ஏண்டின்னு கேக்கறேன்."

துர்கா பட்டை மாட்டிய காலை முன்னால் நீட்டினாள். தேவகி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்தாள். அதன் நுனியில் அசையாமல் கிடந்த கட்டைவிரலை வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதுன்னியேடி" என்றாள்.

கீழே குப்புறக் கிடந்த துரைக்கண்ணுவுக்கு இது எதுவும் புரியவில்லை. "இன்னாக்கா, வை" என்றார். தேவகி ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முதுகுக்கு ஒரு சாண் மேலே, எங்கே இறக்குவது என்று தெரியாமல், அவளுடைய வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.