நீண்ட சஜ்தா

நாகூர் மூஸா மரைக்காயருக்கு எண்பத்தேழு வயது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்வந்த மனிதரை, கொரோனா வந்து ஒன்றரை வருடம் வீட்டோடு முடக்கிப் போட்டது. மகன் ஃபாஜில் பாசக்காரன். பாசத்தில் அவன் செய்த காரியம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்ததுதான். "இதுலயே உக்காந்து தொழுங்க வாப்பா. கீழ விழுந்து வெச்சா இந்த நேரத்துல எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறது?" அன்றிலிருந்து முழங்கால்கள் தங்கள் வேலையை மறக்கத் தொடங்கின.

பள்ளிவாசலுக்கு வயதானவர்களும் வரலாம் என்றதும் மூஸா போயே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றார். ஃபாஜில் ஒரு நிபந்தனை போட்டான்.

"ஒரு வேளை தரையில தொழுது, யார் கையும் பிடிக்காம எந்திரிச்சிட்டீங்கன்னா தினமும் போங்க. இல்லாட்டி வீட்டுலதான்."

"பாக்கத்தானே போற," என்றார் மூஸா.

மாலை நேரத்து அஸர் தொழுகை, நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று. ஆளுக்கு ஆள் மூன்றடி இடைவெளி, முகத்தில் மாஸ்க். முன்பெல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஒருவர் தள்ளாடினால் பக்கத்துத் தோளுக்குத் தெரிந்துவிடும். இப்போது மூஸாவின் நடுக்கம் மூஸாவுக்கு மட்டும்தான் தெரிந்தது. மூன்று ரக்அத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டார். நான்காவதில், நெற்றியைத் தரையில் வைக்கும் கடைசி சஜ்தாவில், உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூஸா கைகளை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். தோள்கள் குலுங்கினவே தவிர, தலை எழவில்லை.

தொழுகை முடிந்தது. கூப்பிடலாமா? கூப்பிட்டால் நாளையிலிருந்து வீடுதான். இன்னும் ஒரு மூச்சு பார்க்கலாம் என்று மறுபடியும் கைகளை ஊன்றினார்.

கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்த பள்ளிவாசல் ஊழியர் சுஹைப் அவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் கிட்ட போகாதீங்க. எத்தனை நாள் கழிச்சு வந்திருக்காரு! அல்லாகிட்ட அழுது துஆ கேக்குறாரு பாருங்க."

வாசலோரம் தொழுத ஃபாஜிலுக்கும் குரல் தழுதழுத்தது. "கேக்கட்டும் பாய். எவ்வளவு நேரமானாலும் நான் வெளியில நிக்கிறேன்."

அதைக் கேட்டதும் மூஸாவின் வீம்பெல்லாம் விட்டுப்போனது. பள்ளிவாசலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், யாராவது தூக்கிவிட்டால் போதும்.

"ஃபாஜிலு," என்றார். மாஸ்க்கைத் தாண்டிக் குரல் வரவில்லை.

காலடிகள் ஒவ்வொன்றாக விலகின. சுஹைப் அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.