இடம் பிடிக்க எழுதிய பெயர்

ஜூன் 17, வெள்ளிக்கிழமை, நைஜீரியத் தலைநகர் அபுஜா: துணை அதிபர் வேட்பாளரை மாற்றுவதற்கான கெடு மாலை ஆறு மணிக்கு முடிந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், மனுத்தாக்கல் நாளன்று, எதிர்க்கட்சியிடம் துணை வேட்பாளரே இல்லை. அதிபர் வேட்பாளர் டகோகோ தெற்கத்திக் கிறிஸ்தவர். முன்னணியில் இருந்த எதிர் வேட்பாளரை வீழ்த்த, வடக்கே கூட்டம் சேர்க்கிற முஸ்லிம் தலைவர் ஒருவர் டகோகோவோடு நிற்க வேண்டும். முன்னாள் ஆளுநர் யெரிமாவை விட்டால் ஆளில்லை. அவரோ பேரம் பேசிக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாக் கட்சிகளும் செய்வதைத்தான் கட்சிச் செயலாளர் அஃபியோங்கும் செய்தார். இடம் பிடிக்க ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார்.

கச்சல்லா, வடக்கே தமாத்துருவில் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்; எல்லாரும் 'மல்லாம்', அதாவது வாத்தியார், என்பார்கள். அவருக்குப் பகையும் கிடையாது, வாக்கும் கிடையாது.

"நான் யாரு மேடம்? பெட்ரோல் வரிசையில இடத்துக்கு வச்சுட்டுப் போற காலி டப்பா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டே வாரம் மல்லாம். அப்புறம் நீங்க விலகிட்டு ஊருக்குப் போயிடலாம்."

ஊரிலிருந்து, ஹஜ் போய்வந்ததால் ஹஜியா எனப்படும் அவர் மனைவி ஃபன்னா போனில் பேசினார். "டப்பாவைப் பத்திரமாத் திருப்பி அனுப்பிடும்மா. களவாணிப் பசங்க ஜாஸ்தி."

"என் பொறுப்பு ஹஜியா."

அபுஜாவில் கட்சி எடுத்துக் கொடுத்த வீட்டெதிரே இரண்டாம் வாரம் ஒரு வெள்ளை வண்டி நிற்கத் தொடங்கியது. நம்பர் பலகை இல்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கவில்லை. கச்சல்லா முக்குக் கடைக்கு வடை வாங்கப் போனால் கூடவே ஊர்ந்தது. மூன்றாம் நாள் கடைக்காரி அவரிடம் காசு வாங்க மறுத்தாள். "அவங்களே குடுத்துட்டாங்க ஐயா. இனிமே தினமும் குடுப்பாங்களாம்."

"என் பின்னாடி எதுக்கு வர்றாங்க? நான்தான் போகப் போறவனாச்சே" என்று அஃபியோங்கிடம் கேட்டார்.

அஃபியோங்குக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை. விலகல் கடிதத்தைச் சட்டப்படி கச்சல்லாவே நேரில் வந்து கொடுக்க வேண்டும். அவர் விலகாவிட்டால் யெரிமா வர முடியாது. யெரிமா வராவிட்டால் முன்னணியில் இருப்பவருக்குப் போட்டியே இல்லை.

யெரிமா புதன்கிழமை இரவு ஒப்புக்கொண்டார். வியாழன் காலை கச்சல்லாவைத் தேர்தல் ஆணையத்துக்கு அழைத்துப் போகக் கிளம்பிய அஃபியோங்கை டகோகோ தடுத்தார்.

"நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குல்ல? யெரிமா ஆளுங்க பஸ் பஸ்ஸா வந்துட்டிருக்காங்க. இன்னிக்கு மேடையில கச்சல்லா கையால யெரிமாவுக்குத் தலைப்பாகை கட்டட்டும். டிவியில பாத்துட்டு, முன்னணியில நிக்கிற அந்தாளு தூங்கக் கூடாது."

"சீஃப், முதல்ல பேப்பர். தலைப்பாகை அப்புறம்."

"நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி."

வியாழன் முழுதும் தலைப்பாகையில் போயிற்று. நாடே பார்த்தது.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. எழுத்தர்கள் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். இரண்டரைக்குத்தான் திறப்பார்கள்.

"நானும் பக்கத்துப் பள்ளிவாசல்ல தொழுதுட்டு வந்துடறேன்" என்றார் கச்சல்லா.

"பேப்பரை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் பள்ளிவாசல் முன்னாடியே நிக்கிறேன்."

"செருப்பைப் பாத்துக்குங்க மேடம். நீல நூல் போட்டுத் தைச்சது என்னோடது. பாதி அபுஜா இன்னிக்கு வெறுங்காலோடதான் வீட்டுக்குப் போகும்."

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டே காலுக்கு ஒரு ஜோடிதான் மிச்சம். நீல நூல் தையல்.

பின்வாசல் காவலாளி சொன்னான்: "வயசான மல்லாமா? மயக்கம்னு ரெண்டு பேர் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனாங்களே. வெள்ளை வண்டி. சொந்தக்காரங்கன்னாங்க."

காவல் நிலையத்தில், இருபத்துநாலு மணி நேரம் ஆகட்டும் என்றார்கள். நாலு மணிக்கு ஃபன்னா அழைத்தார். "டிவியில பாத்தேன்மா, அழகாத்தான் கட்டி விட்டாரு. வேலை முடிஞ்சுதா? எப்ப பஸ் ஏத்தி விடறே?"

"ஹஜியா..." என்றார் அஃபியோங்.

ஐந்து நாற்பதுக்கு அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆள் எங்கம்மா?"

செவ்வாய்க்கிழமை இறுதிப் பட்டியலை ஒட்டினார்கள். டகோகோவின் பெயருக்குக் கீழே கச்சல்லாவின் பெயர் இருந்தது. ஜூலையில் யெரிமா முன்னணி வேட்பாளர் பக்கம் போனார். அஃபியோங் தமாத்துருவுக்குப் பஸ் ஏறி, செருப்பை ஃபன்னாவிடம் கொடுத்தார். வாக்குப்பதிவு நாள் வரை கச்சல்லா வீடு திரும்பவில்லை.