ஆற்றுக்கு ஒரு கிராப்பு

ஐந்து மணிக்கு அணையைத் திறக்கிறார்கள். எந்தெந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்கிற பட்டியல் நான்கு மணிக்குள் வேண்டும். பட்டியல் போட வேண்டிய கம்ப்யூட்டரோ மூன்றாவது முறையாக "மெமரி போதவில்லை" என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"எழுந்திரு, சனியனே!" என்றாள் படக்காரி. வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளுக்கு அதுதான் பெயர். மாவட்டம் முழுவதையும் ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தரையின் உயரத்தை எழுதிவைத்த படம் அவளிடம் இருந்தது. நாற்பது ஜிபி. கம்ப்யூட்டரின் மெமரி பதினாறு.

மேலாளர் எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பதால் அவர் பெயரே ஆகட்டும்.

"முழுப்படம் எதுக்கும்மா? ஆத்தை மட்டும் கிராப் பண்ணிக்க."

"பண்ணிட்டேன் சார். அப்பவும் அடங்கல."

"அப்ப கிராப்புக்குள்ள இருக்கறவங்க எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடலாம். ஆகட்டும்."

"குன்று மேல டவர்ல இருக்கற வாட்ச்மேனையுமா சார்?"

"அவரு மட்டும் தனியா இருந்து என்ன பண்ணப் போறாரு?"

போன் அடித்தது. தங்கை. ஆற்றங்கரைத் தெருவில் சலூன் வைத்திருப்பவள்.

"கடையை மூடினியாடி?"

"நீ பட்டியல் போட்டியா?"

"இல்ல."

"அப்ப நானும் இல்ல. போன தடவை உங்க ஆபீஸ் பேச்சைக் கேட்டு ஆறு நாற்காலியையும் மாடிக்குத் தூக்கினேன். ஒரு சொட்டு வந்துச்சா? என் முதுகுதான் போச்சு. பட்டியல்ல என் தெரு இருந்தா மூடறேன். இல்லன்னா ஆளை விடு."

"கிராப் பண்ணியும் அடங்க மாட்டேங்குதுடி."

"யாரு தலை?"

"தலை இல்லடி, ஆறு. படத்துல ஆத்தை கிராப் பண்றேன்."

"என் தொழில்ல உனக்கென்ன வேலை? சரி, தரையில எவ்வளவு விழுந்துச்சு?"

"என்ன விழுந்துச்சு?"

"வெட்டினா கீழ முடி விழணும்ல? தரையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், வெட்டினேனா, சும்மா கத்திரியை ஆட்டினேனான்னு."

திட்ட வாயெடுத்த படக்காரி, வெட்டிய படத்தின் அளவைப் பார்த்தாள். நாற்பது, முப்பத்தெட்டு ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

காரணமும் கண்ணில் பட்டது. கிராப் என்பது கரையோரமாக வளைந்து வளைந்து வெட்டாது. ஆறு அடங்கும்படி ஒரு பெட்டி போட்டு, பெட்டியைத்தான் வெட்டும். இந்த ஆறோ வடமேற்கு மூலையில் நுழைந்து தென்கிழக்கு மூலையில் வெளியேறுகிறது. பார்க்க நூல் மாதிரி ஒல்லி. படுத்திருப்பதோ மூலைக்கு மூலை, கட்டிலில் குறுக்கே படுக்கும் புருஷனைப் போல. மற்றவர்களுக்கு இடம் ஏது?

"ரெண்டு பிடிதாண்டி விழுந்திருக்கு."

"அதுக்குப் பேரு வெட்டா? நீள முடியை மொத்தமா அள்ளி எவளாவது வெட்டுவாளா? பகுதி பகுதியாப் பிரிச்சு கிளிப் போடு. ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததை அவிழ். வைக்கறேன், இங்க ஒரு தலை காத்திருக்கு."

படக்காரி ஆற்றை நாற்பது துண்டாக்கினாள். துண்டுக்கு ஒரு சின்னப் பெட்டி, இரு கரையிலும் ஒரு கிலோமீட்டர் சேர்த்து. ஒரு துண்டை எடுத்து, அங்கே தண்ணீர் ஏறப்போகும் உயரத்துக்குக் கீழே உள்ள தெருக்களை எழுதிக்கொண்டு, அதை மெமரியிலிருந்து இறக்கிவிட்ட பிறகே அடுத்ததைத் தொட்டாள். கம்ப்யூட்டர் முனகியது, ஆனால் படுக்கவில்லை. தங்கையின் தெரு இருக்கும் பதினேழாம் துண்டு வந்தபோது அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குப் பட்டியலை ஆகட்டுமின் கையில் திணித்துவிட்டு போனை எடுத்தாள்.

"உன் தெரு இருக்குடி. உன் வாசப்படி கடல் மட்டத்துலேர்ந்து முப்பது மீட்டர். தண்ணி முப்பத்தொண்ணு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"கண்ணாடிக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்களுக்குக் கழுத்து வரைக்கும்."

கத்திரிச் சத்தம் நின்றது.

"மேடம், எந்திரிங்க. தண்ணி வருதாம்."

"பாதித் தலைதானேம்மா வெட்டியிருக்கே?" என்றது ஒரு குரல்.

"முழுத் தலையும் தண்ணிக்கு மேல இருக்கணுமா வேணாமா? நாற்காலிக்கு அந்தப் பக்கம் பிடிங்க. மாடிக்கு!"